பூப்போட்ட கபன்

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன்னால் இருந்த பெரியவர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்:

“நான் மையித்தா, செத்த உடம்பா நடிச்ச பேய்ப்படம் கொழும்பில ஓடுதாம்.”

“பயப்படுற படமா, காக்கா?”

“சிரிப்பும் வரும். மையித்து எழும்பி, கறியில உப்பில்லையெண்டு சண்டை புடிக்கும். உசிரோட இருக்கிற மனிசனுக்குக் கபன் துணி சுத்த விடமாட்டனெண்டு எண்ட பொஞ்சாதி பூப்போட்ட பெட்சீட்டைக் குடுத்தா. அதைச் சுத்திக் கிடந்த என்னைக் கண்டு அவவே சிரிச்சிட்டா. டைரக்டர் அந்தச் சிரிப்பைப் படத்தில வச்சிட்டார்.”

“அவவும் படம் பாக்க வாறாவா?”

“நோன்புக்கு முதல் மௌத்தாப் போயிட்டா, அடக்கியாச்சு.”

பஸ் நிந்தவூரில் நின்று புறப்பட்டது.

“அப்ப அந்தப் படத்தை எப்படிக் காக்கா பாப்பீங்க?”

“கண்ண மூடிக்கிட்டு இருப்பன். மையித்தாக் கிடந்து, அண்டைக்கும் அப்படித்தானே அவட சிரிப்பைக் கேட்டன்.”