புகைபோக்கியைத் தாண்ட வேண்டிய அட்டை ராக்கெட்

குழாய்க்குக் குணம் கண்டவரே! கோணலைக் கண்டால் கோபம் கொண்டவரே! கட்டைவிரல் ஒன்றால் இந்த அட்டைக் குழாய்க் கம்பெனியையே கலங்கடித்தவரே! பரிசோதனைப் பிரிவின் பெருமையே! வயதில் மூத்தவர்களுக்கும் அக்காவாக வாய்த்தவரே, வணக்கம்!

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். இன்று உங்கள் ஓய்வு விழாவில் வாசிக்கும் மடலில் ராக்கெட் என்ற சொல்லே வரக் கூடாது என்று மேனேஜர் ஐயா சொல்லி அனுப்பினார். இதோ, வந்துவிட்டது. இன்னும் வரும். பிடிக்காதவர்கள் காதைப் பொத்திக்கொள்ளலாம்.

நீங்கள் வேலைக்கு வந்த புதிதில் உங்களை இங்கே ஒருவருக்கும் பிடிக்காது. துணி சுற்றவும் கம்பளம் சுற்றவும் நாங்கள் செய்து அடுக்கிய குழாய்களை ஒவ்வொன்றாக எடுப்பீர்கள், கட்டைவிரலால் அமுக்குவீர்கள், அமுங்கினால் கழிவுக் கூடையில் எறிவீர்கள். ஆபீஸ் ஆள் என்றோம், வேவு பார்க்க வந்தவர் என்றோம், முகத்துக்கு நேராகவே சொன்னோம். முகம் சுளிக்காமல் இன்னொன்றையும் எடுத்து எறிந்தீர்கள்! முதலாளியின் மைத்துனர் வாங்கிப் போட்ட மட்டமான காகிதத்தில் சுற்றிய குழாய்கள் அத்தனையையும், அவர் கண் முன்னாலேயே அதே கூடையில் எறிந்தீர்களே, அன்றுதான் நீங்கள் யாருடைய ஆளும் இல்லை என்று எங்கள் மண்டையில் ஏறியது.

அந்தக் கழிவுக் கூடையில்தான் ராக்கெட் பிறந்தது. சாப்பாட்டு இடைவேளையில், பின்பக்கக் காலி மனையில், மருந்து அடைத்த விரல் நீள ராக்கெட் மோட்டாரும் அதைப் பற்றவைக்கப் பழைய பேட்டரியும் வைத்துக்கொண்டு நீங்கள் உட்கார்ந்தபோது, குழாய் செய்கிற எங்களுக்குத் தலைக்கனம் தாங்கவில்லை. "இந்தாங்க அக்கா, யானை ஏறி நின்னாலும் நசுங்காது, இதுல பண்ணுங்க" என்று கம்பளக் குழாயை நீட்டினோம். "உங்க ஆசையைக் கெடுப்பானேன்" என்று அதிலேயே செய்தீர்கள். புகைந்தது, சீறியது, ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்தவர் போல அசையவே இல்லை!

"இது தாங்குறதுக்குச் செஞ்ச குழாய்ப்பா. பறக்கிறதுக்கு நான் தூக்கிப் போட்டதே போதும்" என்று கூடைக்குள் கையை விட்டீர்கள். மெலிந்த குழாய், பெட்டி அட்டையில் வெட்டிய இறக்கை, இரும்புக் கம்பியில் வழுக்கி ஏறப் பக்கவாட்டில் ஒட்டிய உறிஞ்சுகுழல், பிளாஸ்டிக் பையில் பாராசூட். அது எழும்பியபோது நாங்கள் சோற்றை மறந்தோம், சண்டையை மறந்தோம், சங்கு ஊதியதையும் மறந்தோம்.

"ரிட்டயர் ஆகறதுக்குள்ள நம்ம புகைபோக்கியை ஒண்ணாவது தாண்டணும்" என்றீர்கள். ஒன்று பாதி உயரம் போனது. ஒன்று விளிம்பு வரை போய்த் திரும்பியது. அடுத்ததைக் காற்று இழுத்துப்போய் மேனேஜர் ஐயாவின் ஜன்னல் வழியே மேசையில் இறக்கிவிட்டது.

"ஏம்மா, இது கம்பெனியா, பட்டாசுக் கடையா?" என்றார் ஐயா.

"பட்டாசுன்னா வெடிக்கும் சார். இது வெடிச்சா நான் ஒழுங்காச் செய்யலைன்னு அர்த்தம்" என்றீர்கள்.

மறுநாளே சுவரில் அறிவிப்பு: கழிவுக் குழாய் எல்லாவற்றையும் அன்றன்றே அரைத்துவிட வேண்டும். ராக்கெட்டுக்குத் தடை என்று நேராக எழுதத் துணிச்சல் இல்லை! நீங்கள் சண்டை போடவில்லை. சாப்பிடும்போது அந்தப் புகைபோக்கியைப் பார்த்தீர்கள், அவ்வளவுதான். அந்தப் பார்வைதான் எங்களுக்குப் பொறுக்கவில்லை.

சென்ற வாரம் ஆபீஸிலிருந்து உங்களுக்கென்று அச்சடித்த மடல் ஒன்று வந்தது. 'கீழ்ப்படிதலின் சிகரமே' என்று தொடங்கியது. யாரைச் சொல்கிறார்கள் என்று தெரியாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அதைச் சுருட்டி வைத்திருந்தது ஓர் அட்டைக் குழாயில். நம் குழாய்கூட இல்லை, அச்சுக்கடையின் மட்டமான குழாய். கட்டைவிரலை வைத்தோம். அமுங்கியது!

அக்கா, அது கழிவல்ல. உங்களுக்கு வந்த பரிசு. எந்த அறிவிப்பும் அதை அரைக்கச் சொல்லவில்லை. நீங்கள் செய்ததை நாங்கள் பார்த்திருந்தபடியே அதை ராக்கெட்டாகச் செய்தோம். பசைப் பிரிவு இறக்கை ஒட்டியது, மூட்டை கட்டும் பிரிவு பாராசூட் மடித்தது. தலைக் கூம்புக்கு அந்த மடலையே சுருட்டினோம், முதல் வரி வெளியே தெரியும்படி. பின்மனையில் கம்பியில் ஏறி நிற்கிறது. காற்று அடங்கியிருக்கிறது. சுவிட்சைத் தொட ஒருவருக்கும் உரிமை இல்லை, உங்களைத் தவிர!

நோய் அண்டாமல், நோவு தீண்டாமல், நெஞ்சு நிமிர்ந்தபடி, யார் உங்களை ஒதுக்கப் பார்த்தாலும் அவர்களே அண்ணாந்து பார்க்கும்படி நெடுங்காலம் வாழ்க! இந்த மடலைக் கண்ணாடி போட்டு வீட்டில் மாட்டுங்கள். அந்த மடல் மேலே போகட்டும். ஐயா, நீங்களும் வாருங்கள். ஜன்னலைச் சாத்திவிட்டு வாருங்கள்.

இப்படிக்கு,
சுற்றுகிறவர்கள், ஒட்டுகிறவர்கள், உலர்த்துகிறவர்கள், மூட்டை கட்டுகிறவர்கள்

கண்ணாடி போடும் முன் பேனாவால் சேர்த்தது: தாண்டியது. கூம்பு மட்டும் கழன்று ஆபீஸ் கூரையில் கிடக்கிறது. எடுக்கச் சொல்கிறார்கள். எடுக்க மாட்டோம்.