தம்பி மகளின் கோடு

ஆன்டிபாடியைக் குலுக்கக் கூடாது. குப்பியை விரல் நுனியால் மெல்லத் தட்டினால் போதும். பத்தொன்பது ஆண்டுகளாக அப்படித்தான் செய்கிறேன். என் கையில் ஒரு குப்பிகூடக் கெட்டதில்லை. ஆகவே பழுது அதில் இருந்தது என்று உங்கள் விசாரணை அறிக்கையில் நீங்கள் எழுத வேண்டாம்.

கொழுப்பைப் பித்தமாக மாற்ற உடம்பில் ஒரு நொதி உண்டு. முயலின் ரத்தத்திலிருந்து எடுத்த எங்கள் ஆன்டிபாடி அதை மட்டும் தேடிப்போய் ஒட்டும். நொதி இருந்தால், சோதனை முடிவில் எடுக்கும் படத்தில் கறுப்புக் கோடு விழும். இல்லாவிட்டால் வெறும் வெள்ளை.

தம்பி மகளுக்கு அப்போது ஒன்பது வயது. நடக்கும்போது கால் பின்னியது. குதிகாலுக்கு மேலே கட்டி. அந்த நொதி இல்லாத நோயாக இருக்கலாம், இப்போதே தெரிந்தால் மாத்திரையிலேயே தடுத்துவிடலாம் என்றார் மருத்துவர். சோதிக்கும் வசதி எங்கள் ஆய்வகத்தில்தான் இருந்தது. அவள் தோலிலிருந்து எடுத்து வளர்த்த செல்கள் என் மேசைக்கு வந்தன.

தம்பியும் வந்தான், முதல் தடவையாக. "எங்கண்ணன் லேப்ல பாட்டில் கழுவுறாரு" என்று நண்பர்களிடம் சொல்கிறவன். அவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

"நீ பண்றத மேல இருக்கிறவங்க யாராவது பாப்பாங்கல்ல?" என்றான்.

"பாப்பாங்க," என்றேன்.

முதல் படத்தில் குழந்தையின் கோடு விழ வேண்டிய இடம் வெள்ளை. மறுபடி செய்தேன். வெள்ளைதான். மூன்றாம் முறை அவள் இடத்தில், ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த நோயற்ற செல்களின் சாற்றை விட்டேன். அழகான கோடு. அதை மேலே அனுப்பினேன்; கையெழுத்தாகி வந்தது.

"இருக்குடா, பயப்படாத," என்று தம்பியிடம் சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "இப்பதான் மாமா எனக்கு உயிரே வந்துச்சு," என்றாள் அவன் மனைவி.

"நல்லா பாத்தியாண்ணா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன். அவன் கேட்கவில்லை. நான் என்ன செய்ய முடியும்?

ஆறு ஆண்டுகள் ஆகிவிட்டன. போன மாதம் வேறொரு மருத்துவமனையில் நோயைக் கண்டுபிடித்து மாத்திரை தொடங்கியிருக்கிறார்கள். போனது திரும்பாதாம். இப்போது அவளால் நிற்க முடியாது, பேச்சும் குழறுகிறது. 'பெரியப்பா' என்பது மட்டும் எனக்குப் புரியும்.

ஞாயிறுதோறும் நான்தான் அவளைத் தூக்கிப்போய்க் காரில் உட்கார வைக்கிறேன். குளிப்பாட்ட வெந்நீர் வைத்துக் கொடுப்பதும் நான்தான். அந்தக் குழந்தைமேல் என்னைப் போல் பாசம் வைத்தவர்கள் யாருமில்லை. சந்தேகமிருந்தால் என் தம்பியையே கேளுங்கள்.