எந்தப் பக்கத்துக்கு அளவு

செவ்வாய்ப்பேட்டையில் நாத்தனாரும் அண்ணியுமாக இரு பெண்கள் டவுன் பஸ்ஸில் ஏறி என் முன்சீட்டில் உட்கார்ந்தார்கள். கடை கடையாக ஏறி இறங்கியும் வெறுங்கையோடு திரும்புகிறார்கள் என்பது பேச்சில் தெரிந்தது.

"பிரா கேட்டா அளவு கேக்கறாங்க நங்கை. இருக்கற பக்கத்துக்குச் சொல்றதா, ஆபரேசன்ல எடுத்த பக்கத்துக்குச் சொல்றதா?" என்று அண்ணியிடம் கேட்டார் நாத்தனார்.

"உள்ள துணி வெச்சுக்கலாமல்ல?"

"வெச்சுட்டுத்தானுங்க மக ஊட்டு விசேசத்துல பரிமாறுனேன். குனிஞ்சப்ப அந்தத் துணி சம்பந்தியம்மா எலையில உழுந்துருச்சு. அவங்களே எடுத்து எங்கையில குடுத்தாங்க."

அண்ணி அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அதுக்கப்புறம் அந்த ஊட்டுக்கே போகலீங்க. மக தெனமும் கூப்புடறா. வாரேன் சாமின்னு சொல்லிச் சொல்லியே போனை வெச்சர்றேன்."