ஜும்மாவுக்குப் போன கம்பியூட்டர்

கம்பளையிலிருந்து கண்டிக்கு வரும் பஸ்ஸில், ஃபோட்டோ ஸ்டூடியோ நடத்தும் ஒரு பெண் பக்கத்தில் இருந்த தன் அக்காவிடம், அவள் அழைப்பில் ராத்தாவிடம், சொன்னாள்:

“எங்கட கம்பியூட்டரும் ஜும்மாவுக்குப் போகுது.”

“என்ன கத இது?”

“கல்யாண ஃபோட்டோ எல்லாம் வெள்ளிக்கிழம பகல் தானா இன்னொரு டிஸ்க்ல பேக்கப் ஆகுற மாதிரி வச்சேன். மூணு வாரமா ஆகவே இல்ல. பாத்தா, எங்கட அவர் ஜும்மா தொழுகைக்குக் கடய மூடக்குள்ள மெயின் சுவிட்ச்சயும் அணைச்சிட்டுப் போறார்.”

“தெரிஞ்ச யாரயும் கூப்பிட்டிருக்கலாமே?”

“ஏன்? நானே தேடிக் கண்டுபிடிச்சி, வியாழனுக்கு மாத்தினேன். நேத்து ஒரு ஃபோட்டோ அல்பத்த வேணுமெண்டே அழிச்சிட்டு, பேக்கப்ல இருந்து திரும்ப எடுத்தேன். ஒரு படம் குறையல்ல.”

“யாருட அல்பத்த அழிச்ச?”

“எங்கட கல்யாணத்தத்தான். அடுத்தவங்கடய வச்சு வெளயாட ஏலுமா?”