ஐஸ் பிளான்ட் நின்ற நேரம்

திருச்செந்தூர் பஸ்ஸில் என் முன் சீட்டுப் பெண் தோழியிடம் சொன்னாள்: “ஏளா, நேத்து எங்களுக்காக ஒருத்தர் ஐஸ் பிளான்டையே நிறுத்திட்டாவ.”

“எதுக்கு?”

“இசை பதிஞ்சு வெளியிடுற எங்க லேபிள் ரூம்ல மழைத்தண்ணி புகுந்து ரெக்கார்டிங் மிஷின் எல்லாம் போச்சுல்லா. புதுசு வாங்க காசு சேக்கணும்னு ஹார்பர் பக்கம் ஒரு ஹால்ல கச்சேரி வச்சோம். தகரத்தையும் சிப்பியையும் உரசி வாசிக்கிற மெல்லிசான சத்தம். பக்கத்து பிளான்ட் இரைச்சல்ல ஒண்ணுமே கேக்கல. போய்ச் சொன்னதும் பிளான்ட்காரர் அண்ணாச்சி மோட்டாரை நிறுத்திட்டு, அவரும் வந்து கடைசி வரைக்கும் உக்காந்திருந்தாவ.”

“அவருக்குப் புரிஞ்சுதா?”

“இல்லையாம். நன்றி சொல்லப் போனேன். ‘இங்கன இருந்தா கடல் சத்தம் கேக்கும்னு இன்னைக்குத்தான் தெரியும். நான்தாம்மா நன்றி சொல்லணும்’னாவ.”