ஹெல்காவின் நட்சத்திரம்

பாபநாசம் கோயிலில் அர்ச்சனைச் சீட்டு வாங்க வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு தாயும் பள்ளிக்கூடத்தில் படிக்கும் மகளும்.

"ஏட்டி, அந்த ஜெர்மனிக்காரிக்கு என்ன நட்சத்திரம்?" என்று தாய் கேட்டாள்.

"அங்கன யாருக்கும் நட்சத்திரம் கிடையாதும்மா."

"பள்ளிக்கூடத்துல அனுப்புனாங்கன்னு ரெண்டு மாசம் அவ வீட்டுல இருந்திருக்க. என்னத்தத்தான் கேட்ட?"

"நான் காய்ச்சல்ல கெடந்தப்ப பக்கத்துலயே இருந்து பாத்தாங்கம்மா. நாளைக்கு அவங்களுக்கு ஆப்பரேசன்."

"அவளையும் அம்மான்னுதான் கூப்பிட்டியாக்கும்?"

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். "காய்ச்சல்ல ஒருதடவ வாயில வந்துட்டும்மா."

அவர்கள் முறை வந்தது.

"ஹெல்கான்னு எழுதுங்க அண்ணாச்சி" என்றாள் மகள், சீட்டு எழுதுபவரிடம்.

"எந்த ஊரு பேரு தாயி இது? சரி, நட்சத்திரம்?"

மகள் விழித்தாள். தாய் முந்திக்கொண்டு, "உத்திரட்டாதி" என்றாள்.

"அம்மா, அது ஒன் நட்சத்திரம்லா!"

"இருக்கட்டும்ட்டி. ஒனக்கு அம்மயா இருந்தவதான?"

உலகம்மை சந்நிதியில் அர்ச்சகர் அந்தப் பெயரையும் அந்த நட்சத்திரத்தையும் சேர்த்துச் சொன்னபோது, நானும் அந்த முகம் தெரியாதவளுக்காகக் கும்பிட்டேன்.