பிலோவின் மகள் பிலோசோப்போ

பெருமதிப்பிற்குரிய தலைமையாசிரியை அவர்களே, அருள்நிறை பங்குத்தந்தை அவர்களே, பிள்ளைகளுக்கு முன்பே வந்து முன்வரிசை பிடித்த தாய்மார்களே, என்னோடு முச்சக்கர வண்டி ஓட்டும் தோழர்களே, வணக்கம்.

மேடையேறத் தாமதமானதற்குப் பொறுத்தருள வேண்டும். "அடுத்து ஃபாதர் பேசுவார்" என்று அறிவித்தார்கள். நானும் பங்குத்தந்தையைப் பார்த்துக் கைதட்டினேன், தட்டினேன், தட்டிக்கொண்டே இருந்தேன். அவர்தான் என் தொடையில் தட்டி, "பிலோ அண்ணே, செண்டாவோட ஃபாதரைத்தான் கூப்பிடுறாங்க. எனக்கேதுங்க பிள்ளை?" என்றார்.

கலைப்படிப்பு என்றாலே முகம் சுளிக்கும் பெற்றோரிடம் பேசச் சொல்லி என்னை அழைத்திருக்கிறார்கள். ஏன் என்னை? இந்த ஊரிலேயே அதிகம் சுளித்த முகம் இதுதான்.

எட்டு ஆண்டுகளுக்கு முன், சோற்றுத் தட்டுக்கு எதிரே அமர்ந்து என் மகள் ரோசெண்டா, அதான் நம்ம செண்டா, "அப்பா, நான் தத்துவம் படிக்கப் போறேன்" என்றாள். நம் ஊரில் தத்துவம் கற்றவருக்கும் பிலோசோப்போ என்றுதான் பெயர்; எதிர்த்து வாயாடும் பிள்ளைக்கும் பிலோசோப்போ என்றுதான் திட்டு. பத்தாம் வகுப்பைத் தாண்டாத நான் எதை நினைத்திருப்பேன்?

"அதுக்கு எதுக்குடி நாலு வருசம் காலேஜு? அதான் வீட்டுலயே பாஸ் பண்ணிட்டியே."

"பரீட்சை வச்சது யாருப்பா, நீங்களா? அப்ப நீங்க வாத்தியாரா?"

பார்த்தீர்களா அந்த வாயை?

அவளுடைய ஞானத்தந்தை, நான் கும்பாரே என்று அழைக்கும் டோரோ, வண்டி நிறுத்தத்தில் கேட்டார்: "ஏம்ப்பா பிலோ, படிச்சு முடிச்சு என்ன பண்ணுவா? சவாரி வருமா வராதான்னு நமக்கு உக்காந்து யோசிச்சுக் குடுப்பாளா?" சிரிக்காதீர்கள், அவர் மூன்றாம் வரிசையில்தான் இருக்கிறார். கையை மட்டும் தூக்குங்கள் கும்பாரே, பேச வேண்டாம்.

பட்டம் வந்தது. வேலை வந்ததா? வரவில்லை. ஆசிரியப் பாடங்களை மேலும் ஓராண்டு படித்தாள். உரிமத் தேர்வில் தேறினாள். நம் வழக்கப்படி அவள் படம் போட்ட பதாகையை வேலியில் கட்டினேன்; வேலியைவிடப் பதாகை நீளம். ஆனால் இந்தப் பள்ளியில் காலியிடம் ஒன்று, வந்தவர்கள் ஒன்பது பேர். தேர்வுக்குழு முன்னால் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். கிடைக்காவிட்டால் மறுநாளே மணிலாவில் கால் சென்டர். பெட்டியும் கட்டியாகிவிட்டது.

நான்தான் வண்டியில் கொண்டுவந்து இறக்கினேன். "போயிடுங்கப்பா" என்றாள். போனேனா? வகுப்பு ஜன்னலுக்கு அடியில் குந்தி, எட்டி எட்டிப் பார்த்தேன்.

கொடுத்த வாக்கை ஏன் காக்க வேண்டும் என்பது பாடம். நடுவரிசையில் ஒரு மாணவி எழுந்தாள். "மேம், இந்த வேலைய உங்களுக்குக் குடுக்குறதா யாராச்சும் வாக்கு குடுத்திருக்காங்களா?"

வகுப்பு சிரித்தது. குழுவில் ஒருவர் பேனாவைத் திறந்தார். 'சரியான பிலோசோப்போ' என்று நான் பல்லைக் கடித்தேன்.

செண்டா அதட்டினாளா? இல்லை. உட்கார் என்றாளா? இல்லை.

"குடுக்கலம்மா. யாருமே குடுக்காத வாக்க நம்பித்தான் வந்திருக்கேன். இது நம்பிக்கையா, ஏமாளித்தனமா? நீ சொல்லு, கேக்குறேன்."

"நம்பிக்கைதான் மேம். ஆனா ஏன்னு சொல்லத் தெரியல."

"அப்ப அங்கேருந்தே ஆரம்பிப்போம்."

ஒருத்தி ஆமென்றாள், ஒருத்தன் மறுத்தான், வகுப்பே வழக்காடியது. பேனாவைத் திறந்தவர் அதை மூடிவிட்டுத் தாமும் கையைத் தூக்கினார்.

நான்கு ஆண்டுகள் அவள் என்ன படித்தாள் என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது. கேள்வி கேட்கப் படித்தாள். கேட்பவரை மதிக்கப் படித்தாள். கேலிக்குள் ஒளிந்திருக்கும் கேள்வியைக் கண்டெடுக்கப் படித்தாள். அதற்குத்தானே ஆசிரியர் வேண்டும்? இடம் அவளுக்கே கிடைத்தது. கட்டிய பெட்டியை நானே அவிழ்த்தேன்.

ஆகவே பெற்றோர்களே, உங்கள் மகள் வரலாறு என்கிறாளா, மகன் இலக்கியம் என்கிறானா? வழி கொஞ்சம் வளைவுதான். வண்டிக்காரன் சொல்கிறேன், வளைந்தாலும் அது இந்த வகுப்பறைக்கு வந்து சேரும் வழி.

பொறுமையாகக் கேட்ட உங்கள் காதுகளுக்கும், பின்கட்டில் நமக்காக லோமி நூடுல்ஸ் கிண்டும் கைகளுக்கும் நன்றி கூறி இறங்குகிறேன். எல்லோரும் நலமாக இருங்கள்.

பேச்சை எழுதிக் கொண்டுபோன தாளில் இன்னும் சில வரிகள் இருந்தன. அவற்றை நான் படிக்கவில்லை: செண்டா, அம்மாவை அடக்கம் செய்த அன்று உனக்கு ஏழு வயது. "அம்மா நல்ல இடத்துக்குத்தான் போயிருக்கான்னா, நீங்க ஏம்ப்பா அழுறீங்க?" என்று கேட்டாய். வாயை மூடு, பிலோசோப்போ என்றேன். எனக்குப் பதில் தெரியவில்லை மகளே, அதனால்தான்.